முகம் தெரியாத ஒருவர் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில், எங்கள் வீட்டுக் கொட்டிலில் மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா ஆகியவற்றைச் செய்து விற்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் என்னிடம் வாங்கியவர்கள் எல்லோரும் என்னை அறிந்தவர்கள். "இன்னாருடைய மகள், தாயும் நல்லாய்த் தூள் இடிப்பா" என்ற ஒற்றை வரி அவர்களுக்குப் போதுமாக இருந்தது. வன்னியில் வியாபாரம் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு ஆளைக் கேட்பார்கள், அதன் பின்னர்தான் பொருளின் விலைக்கு வருவார்கள். சமூக ஊடகத்தில் என் பொருளைக் காணும் ஒருவருக்கு அந்த ஒற்றை வரியைச் சொல்லிக்கொடுக்க அருகில் எவரும் இல்லை என்பதையும், அதைச் சொல்ல வேண்டிய இடம் என்னுடைய கணக்கின் அறிமுகப் பக்கமே என்பதையும் விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் எடுத்தன.

அந்த மூன்று ஆண்டுகளும் நான் என் சொந்த முகநூல் கணக்கிலேயே விற்றேன். உறவினரின் மரண அறிவித்தல், மருமகளின் பிறந்தநாள், வற்றாப்பளைப் பொங்கல் படங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு மிளகாய்த்தூள் பொதி. என்னை அறியாத ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால், இது ஒரு வீட்டுக்காரியின் கணக்கா, வியாபாரமா என்பதே அவருக்குத் தெரியாது. சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது என்பது வேறு விடயம். அந்த எண்ணிக்கையை நான் நெருங்கியதில்லை. துக்க வீட்டுச் செய்திக்குக் கீழே விலைப்பட்டியல் இருப்பது முறையல்ல என்று ஒரு பெரியம்மா சொன்ன அன்றே வியாபாரத்துக்கெனத் தனிப் பக்கம் திறந்தேன். அவர் வாழ்க்கையில் ஒருநாளும் கணினியைத் தொட்டவரல்லர், ஆனாலும் அந்த ஆலோசனையைவிடச் சிறந்த ஒன்றை இதுவரை எவரும் எனக்குத் தரவில்லை.

தனிப் பக்கத்தின் அறிமுகத்தில் முதலில் நான் எழுதியது, "தரமான பொருட்கள், நியாயமான விலை, நம்பிக்கையான சேவை" என்பதாகும். இலங்கையின் எந்த மூலையில் உள்ள எந்தக் கடைக்கும் பொருந்தக்கூடிய அந்த வரியினால் எனக்கு ஒரு பொதிகூட விற்கவில்லை. பிறகு ஒருநாள் இரவு, உட்பெட்டிக்கு வந்திருந்த செய்திகளையெல்லாம் திறந்து, அவற்றிலிருந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதினேன். எந்த ஊர்? மிளகாயை வறுத்து இடிப்பதா, வறுக்காமலா? எவ்வளவு உறைப்பு? ஒரு கிலோ என்ன விலை? கொழும்புக்கு அனுப்புவீர்களா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? ஏறத்தாழ எல்லோரும் கேட்டவை இந்த ஆறு கேள்விகளே. அடுத்த நாள் அறிமுகத்தை இப்படி மாற்றினேன்: "முள்ளியவளையில் வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, அரிசிமா. அரைக் கிலோ, ஒரு கிலோ. செவ்வாயும் வெள்ளியும் அனுப்புவோம்." இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. ஆனால் இதை எழுதிய பின்னர் வந்த செய்திகள் "எந்த ஊர்?" என்று தொடங்காமல் "இரண்டு கிலோ வேண்டும், அக்கா" என்று தொடங்கின.

இன்ஸ்டகிராமில் அறிமுகத்துக்குக் கிடைப்பது 150 குறிகள் மாத்திரமே. தமிழில் எழுதுவோருக்கு அது பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு, ஏனெனில் கணினி நம் எழுத்துகளை நாம் எண்ணுவதைப் போல எண்ணுவதில்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறிகளாகவே பதிவாகின்றன. கிளிநொச்சி என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. ஆகவே அங்கே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட வேண்டியிருக்கிறது, நான் பொதியில் தூளை நிறுத்துப் போடுவதைப் போல.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகள் தமிழைப் பேசுவார்கள், ஆனால் பலர் ஆங்கில எழுத்திலேயே தேடுவார்கள். நானோ கடைப் பெயரை முகநூலில் ஒரு விதமாகவும், இன்ஸ்டகிராமில் வேறு விதமாகவும், பொதியின் ஒட்டுத்தாளில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். இப்போது பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயர்ச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுகிறேன். கூகுள் வரைபடத்திலும் அதே பெயர்தான். எங்கள் பக்கத்து முகவரிகள் வட்டாரத்தையும் மைல்கட்டையையும் கோயிலையும் அடையாளமாகக் கொண்டவை என்பதால், வரைபடத்தில் குறித்த புள்ளி ஒன்று இருப்பது பொதி எடுக்க வரும் ஓட்டோக்காரருக்கும் பெரிய உதவி.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. போர் முடிந்த 2009இற்குப் பின்னர் வன்னியில் தொழில் தொடங்கிய பெண்கள் பலருக்கு, தங்கள் இழப்பை முன்வைத்து விற்குமாறு நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொல்லப்படுகிறது. எனக்கும் சொன்னார்கள். கணவரை இழந்தவர், முகாமிலிருந்து மீண்டவர் என்று அறிமுகத்தில் எழுதினால் வெளிநாட்டில் உள்ளவர்கள் உடனே வாங்குவார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல, வாங்குவார்கள், ஒருமுறை. இரக்கப்பட்டு வாங்கியவர் தூளின் சுவையைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை, உறைப்புக் கூடினால் சொல்வதில்லை, இரண்டாம் முறை கேட்பதுமில்லை, ஏனெனில் அவர் தன் கடமையை முடித்துவிட்டார். குறை சொல்லாத வாடிக்கையாளரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. தன் கதையைச் சொல்ல விரும்பும் பெண்ணை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். அது அவளுடைய கதை, அவளுடைய உரிமை. ஆனால் என் பக்கத்தில் என் கைவேலை மாத்திரமே இருக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். முற்றத்தில் பாயில் காயும் செத்தல் மிளகாய், மல்லி வறுக்கும் தாச்சி, அரித்தெடுத்த மா. காலை வெயிலில் கைபேசியில் எடுத்த இந்தப் படங்களை, இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான படங்களுக்கு ஒருநாளும் மாற்றவில்லை.

வட்ஸ்அப்பின் வியாபாரச் செயலி 2018இல் வந்தது. அடுத்த ஆண்டு அதில் பொருட்பட்டியல் வசதியும் சேர்ந்தது. சிறு உற்பத்தியாளருக்கு இதுவே மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. முகநூலில் கண்டவர் இறுதியில் வட்ஸ்அப்பில்தான் விலை பேசுகிறார். இதற்கெனத் தனி இலக்கம் வைத்திருங்கள், குறிப்பாகப் பெண்கள். சொந்த இலக்கத்தைப் பகிரங்கமாக இட்டிருந்த காலத்தில் நள்ளிரவில் வந்த அழைப்புகளை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது. வாடிக்கையாளரின் இலக்கங்களையும் முகவரிகளையும் அவ்வாறே பாதுகாக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் இந்தப் பேச்சு நாட்டில் எழுந்திருந்தாலும், பிறர் வீட்டு விலாசத்தைக் கண்டவரிடம் கொடுக்கக்கூடாது என்று அறிவதற்கு நமக்குச் சட்டம் தேவையில்லை. ஒருமுறை, "உங்கள் பக்கம் நீக்கப்படவுள்ளது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வந்த செய்தியை நம்பி அழுத்தி, பக்கத்தை நான்கு நாட்கள் யாரோ ஒருவரிடம் பறிகொடுத்தேன். அதன் பின்னர்தான், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்கினேன். வாடிக்கையாளர் இலக்கங்களை ஒரு கொப்பியிலும் எழுதி வைக்கிறேன், ஏனெனில் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டபோது கொப்பி முடங்கவில்லை.

தொடர்புகளைப் பெருக்குவது பற்றிப் பேசும்போது நம்மவர் உடனே கனடாவில் உள்ள மாமாவையும் சுவிசில் உள்ள அண்ணாவையும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்குக் கிடைத்த முதல் பெரிய கொள்வனவுக் கட்டளை, பள்ளித் தோழி ஒருத்தியோடு வேலை செய்த, நான் ஒரேயொரு முறை யாழ்ப்பாண வர்த்தகக் கண்காட்சியில் சந்தித்த ஒருவரிடமிருந்து வந்தது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி 1973இலேயே எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திக்கும் ஒருவராக இருந்தார்; ஏனையோருக்கு எப்போதாவதோ அரிதாகவோ காண்பவராகவே இருந்தார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதிய செய்தி சற்றுத் தள்ளி நிற்பவரிடமே இருக்கிறது. ஒருவரையொருவர் நன்கறிந்த எங்கள் கிராமங்களில் இதன் உண்மை இன்னும் அதிகம்.

ஆகவே கண்காட்சியிலோ பயிற்சிப் பட்டறையிலோ சந்தித்த ஒருவருக்கு, ஒரு வாரம் செல்லும் முன்னரே, எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம் என்று இரண்டு வரி எழுதுகிறேன். அந்தச் செய்தியில் விலைப்பட்டியல் இருக்காது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கே உரியது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த லிங்க்ட்இனிலும் கணக்குத் திறந்தேன். கொழும்பில் கடைகளுக்குப் பொருள் வாங்கும் பொறுப்பில் உள்ளவர்களை அங்கேதான் நேரடியாகக் காண முடிகிறது. மாங்குளத்தில் பன்னவேலை, அதாவது ஓலையில் பெட்டி பின்னும் வேலை, செய்யும் ஒரு தங்கச்சியின் பக்கத்தை என் பக்கத்தில் பகிர்கிறேன், அவள் என்னுடையதைப் பகிர்கிறாள். அவளுடைய பெட்டியில் என் ஒடியல் மா வைத்து ஒருவர் வாங்கியதும் உண்டு.

ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திரும்பும்போது பயணப்பொதியில் தூளும் மாவும் கொண்டுசெல்வார்கள். அவர்கள் விமானச்சீட்டு வாங்கும் வைகாசியிலேயே பக்கத்தில் பட்டியலைப் புதுப்பித்துவிட வேண்டும்; வந்து இறங்கிய பின்னர் தேடுபவர்கள் குறைவு. ரொறன்ரோவில் கோடைகாலத்து இரவு எட்டு மணி என்பது முள்ளியவளையில் அடுத்த நாள் விடியற்காலை ஐந்தரை. நான் அடுப்பு மூட்டும் நேரம் அது. தாச்சி சூடேறும் வரை கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அவர்களும் உறங்கச் செல்லும் முன்னர் வாசித்துவிடுகிறார்கள்.