கான்சஸின் குளிர்கால கோதுமையும் இலையுதிர்கால மழையும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை விதைத்து ஜூனில் அறுக்கும் குளிர்கால கோதுமைக்கு, விதைப்புக் காலத்து ஈரம்தான் முதல் சோதனை. வழக்கமாக ஓரிரண்டு அங்குல ஆழத்தில் விதைக்கிறார்கள். மேல்மண் காய்ந்திருந்தால், ஈரத்தைத் தேடி இன்னும் ஆழமாக விதைப்பதா, மழையை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே விதைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். பின்னதை நம் ஊர்ப் புழுதி விதைப்பின் உறவென்றே சொல்லலாம். ஆழம் கூடினாலும் ஆபத்து உண்டு. முளையைக் காத்து மேலே கொண்டுவரும் உறை குட்டை ரகங்களில் நீளம் குறைந்திருப்பதால், குருத்து மண்ணுக்குள்ளேயே மடங்கிப்போகக்கூடும்.

என் கணிப்பில் அரைகுறை மழையே அதிகம் ஏமாற்றும், ஏனெனில் அது விதையை முளைக்க வைத்துவிட்டு வேரைப் பட்டினி போடுகிறது. பெருமழையோ மண்மேல் ஓடுபோல் இறுகிய படலத்தை விட்டுச் செல்கிறது. குளிர் இறுகுமுன் வேரூன்றித் தூர் கட்டாத பயிர் பனியில் எளிதில் மடியும். 2022 இலையுதிர்காலம் கடும் வறட்சியில் கழிந்தது. பின்னரும் மழை போதவில்லை. 2023இல் பல வயல்கள் அறுவடையின்றியே கைவிடப்பட்டன.