டிக்கெட்டே இன்னும் கிடைக்கல, ஆனா மெக்சிகோவுக்கு லீவு போட்டாச்சு

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இதை எழுதற 2026 ஜனவரில அயர்லாந்து இன்னும் இந்த வருஷ ஃபுட்பால் வேர்ல்ட் கப்புக்கு குவாலிஃபை ஆகல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா இந்த ஜனவரி குளிர்ல டப்ளின்ல யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் ஜூன்ல ஃப்ளைட் ஏறப் போறவங்க மாதிரிதான் பேசறாங்க. எங்க ஆஃபீஸ் லீவு கேலண்டரைத் திறந்தா ஜூன் ரெண்டாவது வாரத்துலேர்ந்து வரிசையா பச்சைக் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி போட்டு லீவு எடுக்கற ஆளுங்களை நான் இங்கதான் பாக்கறேன். மேனேஜர் இதையெல்லாம் எப்படி அப்ரூவ் பண்றாருன்னு பாத்தா அவர் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு.

கணக்கு என்னன்னா, மார்ச் 26 வியாழக்கிழமை ராத்திரி பிராக்ல செக் குடியரசோட ஒரு மேட்ச். அதுல ஜெயிச்சா 31ஆம் தேதி இங்க டப்ளின்லயே டென்மார்க்கோ வடக்கு மாசிடோனியாவோ, யார் வர்றாங்களோ அவங்களோட இன்னொண்ணு. ரெண்டுலயும் தேறினா நேரா குரூப் ஏ. ஜூன் 11 குவாடலஹாரால தென் கொரியா, 18 அட்லாண்டால தென் ஆப்பிரிக்கா, 24 மெக்சிகோ சிட்டில, கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேல இருக்கற அந்த அஸ்டெக்கா ஸ்டேடியத்துல, மெக்சிகோவே. பிராக்லயே கதை முடிஞ்சுபோக நல்ல வாய்ப்பு இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ரூம் புக் பண்றாங்க, ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற ரூமா பாத்து.

இந்த டீம் கடைசியா வேர்ல்ட் கப் ஆடினது 2002ல, ஜப்பான்லயும் கொரியாலயும். அதாவது இப்ப காலேஜ் முடிச்சு வேலைக்கு வந்திருக்கற ஒரு முழு தலைமுறை தன் நாடு வேர்ல்ட் கப்ல ஆடி பாத்ததே இல்ல. (ஆம்பளைங்க டீமைச் சொல்றேன். பொண்ணுங்க 2023ல ஆஸ்திரேலியா போயிட்டு வந்துட்டாங்க, கனடாவுக்கு எதிரா கேட்டி மெக்கேப் கார்னர்லேர்ந்து நேரா உள்ள அடிச்ச கோலைப் பாக்காதவங்க இப்பவே போய்ப் பாருங்க.)

இப்படி ஒரு நிலைமை வரும்னு போன செப்டம்பர்ல யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. முதல் மேட்ச்ல ஹங்கேரியோட ரெண்டு கோல் பின்னாடி போய் இங்க டப்ளின்ல எப்படியோ 2-2 ஆக்கினாங்க. மூணு நாள் கழிச்சு யெரெவான்ல ஆர்மேனியாகிட்ட 2-1 தோல்வி. ரேங்கிங்ல நூறுக்கு வெளிய இருந்த டீம்! கோச் ஹெய்மிர் ஹால்கிரிம்சன், ஐஸ்லாந்துக்காரர், படிப்புக்குப் பல் டாக்டர், அவரை அன்னிக்கு ராத்திரியே திருப்பி பல் பிடுங்கற வேலைக்கு அனுப்பணும்னு பேசாத வாய் இல்ல. லிஸ்பன்ல போர்ச்சுகலோட ஆடினப்ப கோல்கீப்பர் கெல்லஹர், ரொனால்டோ அடிச்ச பெனால்ட்டியைப் பிடிச்சும் கடைசி நிமிஷ கோல்ல 1-0 போச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது, அடுத்த யூரோ கப்பைப் பாப்போம்னுதான் நானும் இருந்தேன்.

அப்புறம் வந்துச்சு நவம்பர் 13, டப்ளின்ல அதே போர்ச்சுகலோட மேட்ச்.

லான்ஸ்டவுன் ரோடு ஸ்டேஷன்ல டார்ட் ட்ரெயின் நிக்கறதே ஸ்டேடியத்துக்கு அடியிலதான். ஆள் இறங்கி வெளிய வந்தா லெவல் கிராசிங் கேட் மூடியிருக்கும், அடுத்த ட்ரெயின் போற வரைக்கும் பச்சை ஸ்கார்ஃப் கூட்டம் ரெண்டு பக்கமும் தேங்கி நிக்கும், வினிகர் ஊத்தின சிப்ஸ் வாசனை, பாதி அயர்லாந்து பாதி போர்ச்சுகல் ஸ்கார்ஃப் விக்கறவன் தொண்டை கிழியக் கத்துவான், அவனைப் பாத்து முறைக்கறவங்க முறைச்சுக்கிட்டே போவாங்க. ஸ்டேடியத்துல ஒரு முனை மட்டும் தாழ்ந்து கிடக்கும், பின்னாடி இருக்கற சின்னச் சின்ன வீடுங்களுக்கு வெளிச்சம் மறைக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கம் உசத்திக் கட்டல. அதனால குளிர்காத்து நேரா உள்ள வந்து மூஞ்சில அடிக்கும். அன்னிக்கு அந்தக் குளிர் யாருக்கும் உறைக்கல. டிராய் பாரட் தலையால ஒண்ணு, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி காலால ஒண்ணு. அப்புறம் ரொனால்டோ, டாரா ஓஷேயை முழங்கையால இடிச்சு ரெட் கார்டு வாங்கினார், போர்ச்சுகலுக்காக ஆடி அவர் வாங்கின முதல் ரெட் கார்டு. வெளிய போகும்போது கூட்டத்தைப் பாத்து நக்கலா கை தட்டிட்டுப் போனார், கூட்டமும் திருப்பித் தட்டுச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு.

அதுக்கு மூணு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை மதியம், புடாபெஸ்ட். ஹங்கேரிக்கு டிரா போதும், இவங்க ஜெயிச்சே ஆகணும். பப்ல உக்காந்து பாத்தேன், மூணாவது நிமிஷத்துலயே ஹங்கேரி கோல். பாரட் பெனால்ட்டில சமன். திருப்பியும் ஹங்கேரி. 80ஆவது நிமிஷத்துல பாரட், 2-2. அதுக்கப்புறம் கடிகாரத்தைப் பாக்கறதும் வாயை மூடிக்கறதுமா போச்சு, 96ஆவது நிமிஷம் கெல்லஹர் நீளமா ஒண்ணு தூக்கிப் போட, ஸ்கேல்ஸ் தலையால தட்டிவிட, பாரட் கால் நுனியை நீட்டி உள்ள தள்ளினான். என் பக்கத்துல இருந்தவர் கையில இருந்த பைண்ட் பீர் முழுசா என் சட்டையில. அவரும் மன்னிப்பு கேக்கல, நானும் எதிர்பாக்கல. மேட்ச் முடிஞ்சு டிவில பாரட் பேச ஆரம்பிச்சதும் அவன் அழ, பப்ல பாதிப் பேர் அழ, டப்ளின் வடக்கு பக்கம் பழைய தெருக்கள்ல வளர்ந்த 23 வயசுப் பையன் ரெண்டு மேட்ச்ல அஞ்சு கோல் அடிச்சு நாட்டையே பிராக்குக்கு ஏத்தி விட்டுட்டான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். அயர்லாந்து ரசிகர்கள்னாலே உலகம் பூரா ஒரு பேர் இருக்கு, தோத்தாலும் பாடுவாங்க, குடிப்பாங்க, யார்கிட்டயும் வம்பு பண்ண மாட்டாங்க, தங்கமான ஆளுங்கன்னு. 2016 யூரோல பிரான்ஸ்ல போர்டோங்கற ஊர்ல ட்ரெயின்ல ஒரு குழந்தைக்குத் தாலாட்டு பாடினது, கார் கூரை நசுங்கினதும் தாங்களே தட்டி சரி பண்ணிட்டு ஜன்னல் இடுக்குல காசு சொருகிட்டுப் போனது, எல்லாம் வீடியோவா சுத்துச்சு, பாரிஸ் மேயர் இவங்களுக்கும் வடக்கு அயர்லாந்து ரசிகர்களுக்கும் சேத்து மெடலே கொடுத்தாங்க. 2012ல போலந்து போனப்ப ஜெர்மன் சான்சலரைக் கிண்டல் பண்ணி, நாங்க வேலையில இருக்கோம்னு ஏஞ்சலா மெர்க்கல் நினைச்சுட்டு இருக்காங்கன்னு ஒரு கொடி. அப்ப அயர்லாந்து கடன்ல மூழ்கிக் கிடந்த நேரம், அந்தக் கொடி மாதிரி ஒரு நக்கல் எனக்குத் தெரிஞ்சு வேற எந்த நாட்டு ரசிகனும் எழுதல. அதே டூர்ல க்டான்ஸ்க்ல ஸ்பெயின்கிட்ட 4-0 வாங்கிட்டு இருக்கும்போது கடைசி பத்து நிமிஷம் முழுக் கூட்டமும் பாடிச்சு, டிவி கமெண்டேட்டருங்களே பேச்சை நிறுத்திட்டு கேக்கவிட்டாங்க.

உலகமே கொண்டாடின அந்தப் பாட்டைத்தான் எங்க தெருவுல இருக்கற ஒரு பெரியவருக்குப் பிடிக்காது. நாலு கோல் வாங்கிட்டு என்ன பாட்டு வேண்டிக் கிடக்குன்னு கேப்பார். பழைய கேப்டன் ராய் கீனும் அன்னிக்கு டிவில கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், பாடறதுக்காக மட்டும் டோர்னமெண்ட்டுக்குப் போகக்கூடாதுன்னு, அதுக்கு அவரைத் திட்டாத ஆளில்ல. பெரியவர் 1990 வேர்ல்ட் கப்புக்கு இத்தாலி போனவர். கிரெடிட் யூனியன்ல லோன் போட்டு, அதாவது நம்ம ஊர் கூட்டுறவு சொசைட்டி மாதிரி, சமையல்கட்டு மராமத்துன்னு காரணம் எழுதிக் கொடுத்துட்டு வேன்ல கிளம்பினவர். அந்த வருஷம் ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தான் சமையல்கட்டு மராமத்து நடந்துச்சாம்.

அவர் தலைமுறைக்கு எதிர்பார்ப்புன்னா வேற. அவங்க முதல் டோர்னமெண்ட்டே 1988 யூரோ, அதுவும் எப்படிக் கிடைச்சுது? இவங்க மேட்ச் எல்லாம் முடிஞ்சு வீட்டுல உக்காந்திருக்க, சோஃபியால ஸ்காட்லாந்துக்காரர் கேரி மெக்கே, முதல் தடவையா நாட்டுக்காக ஆட வந்தவர், 87ஆவது நிமிஷத்துல பல்கேரியாவுக்கு எதிரா கோல் போட்டார், அயர்லாந்து உள்ள போச்சு. ஸ்டுட்கார்ட்ல முதல் மேட்ச்லயே இங்கிலாந்தை 1-0. கோச் ஜாக் சார்ல்டன் 1966 வேர்ல்ட் கப் ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல ஆடினவர், தலையால கோல் போட்ட ரே ஹவுட்டன் பொறந்தது கிளாஸ்கோல. வேலை தேடி வெளிய போன ஜனங்களோட பிள்ளைங்களும் பேரப் பிள்ளைங்களும் சேந்து ஆடின டீம் அது. இத்தாலில அஞ்சு மேட்ச், மொத்தமே ரெண்டு கோல், ஆட்ட நேரத்துல ஒண்ணு கூட ஜெயிக்காம காலிறுதி வரைக்கும் போனாங்க. ஜெனோவால ருமேனியாவோட பெனால்ட்டில பாக்கி பானர் பிடிச்சதும், அடுத்து டேவிட் ஓ'லியரி நடந்து வந்ததும் இந்த நாட்டுல அன்னிக்கு விவரம் தெரிஞ்ச வயசுல இருந்த எல்லாருக்கும் எங்க நின்னு பாத்தோம்னு ஞாபகம் இருக்கும். திரும்பி வந்த அன்னிக்கு டப்ளின்ல லட்சக்கணக்குல கூட்டம், அதே நாள் நெல்சன் மண்டேலாவும் ஊர்ல, அவரைப் பாத்து கூட்டம் 'பால் மெக்ராத்தோட அப்பா'ன்னு பாடுச்சுன்னு இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. மெக்ராத் அந்த டீமோட கருப்பு டிஃபெண்டர், இந்த ஊருக்கு அன்னிக்கும் இன்னைக்கும் கடவுள்.

எல்லாம் சிரிப்பாவே இருந்ததுன்னும் சொல்ல முடியாது. 1994 ஜூன் 18, நியூயார்க் பக்கத்துல இத்தாலியை 1-0 ஜெயிச்ச அதே ராத்திரி, வடக்கு அயர்லாந்துல லாக்கினைலண்ட்ங்கற சின்ன ஊர்ல பப்ல உக்காந்து அந்த மேட்ச்சைப் பாத்துட்டு இருந்த ஆறு பேரை யுவிஎஃப்ங்கற பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு ஆளுங்க சுட்டுக் கொன்னாங்க. பெரியவர் 94 பத்தி பேச ஆரம்பிச்சா ஹவுட்டன் கோலைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அதையும் சொல்லிடுவார்.

2002 வேர்ல்ட் கப்புக்கு முன்னாடி சைப்பான் தீவுல கேப்டன் கீன் கோச்சோட போட்ட சண்டை, அவர் வீட்டுக்குத் திரும்பினது, அதை நான் தொடவே போறதில்ல, ரெண்டு பேரை ஒரு டேபிள்ல உக்கார வெச்சு இதைக் கேட்டா இன்னைக்கும் பைண்ட் ஆறிப் போகும். 2009ல பிரான்ஸோட மேட்ச்ல அவங்க ஆள் ஹென்றி கையால தள்ளி கலாஸ் கோல் போட்டது, அதுக்கு ஃபிஃபா வாயடைக்க 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015ல வெளிய வந்தது, அதுவும் அப்படித்தான். ஆனா பாருங்க, இந்த நாட்டு ஃபுட்பால் நினைவுல பாதி இப்படி அநியாயமா போச்சுங்கறதும், மீதி அழகா தோத்தோம்ங்கறதும்தான். சின்னப் பசங்க இதைக் கேட்டே வளர்ந்திருக்காங்க, அவங்களுக்கு இது அலுத்துப் போச்சு. ஆஃபீஸ்ல என் டீம்ல இருக்கற ஒரு பொண்ணு, கார்க் பக்கம், சொன்னா, உலகத்துலேயே நல்ல ரசிகர்கள்னு இன்னொரு மெடல் கொடுத்தா அதை வாங்கி லிஃபி ஆத்துல போட்டுடுவேன், எனக்கு குரூப்பைத் தாண்டி ரவுண்ட் ஆஃப் 32 போதும்னு. புடாபெஸ்ட் மாத்தினது இதைத்தான். போய்ப் பாடிட்டு வரலாம்ங்கற எதிர்பார்ப்பு இல்ல இப்ப இருக்கறது, ஜெயிக்கவும் செய்வோமோங்கற பயம். பயம்னுதான் சொல்லணும், ஏன்னா தோத்துப் பழகினவங்களுக்கு நம்பிக்கைதான் நெஞ்சை அடைக்குது.

நடைமுறைக்கு வந்தா தலைசுத்துது. பிராக் ஸ்டேடியம் இருபதாயிரம் பேர்கூட கொள்ளாது, அதுல வெளியூர் டீமுக்கு அஞ்சு சதவீதம்னா ஆயிரம் டிக்கெட் தேறினா அதிகம். டிக்கெட் இல்லாட்டியும் போறேன்னு கிளம்பறவங்க அதை விடப் பல மடங்கு, யாரோட யார்னு குலுக்கல் எடுத்த அன்னிக்கே பிராக் ஃப்ளைட் விலை ஏறிடுச்சு, எங்க ஆளுங்க சிலர் வியன்னால இறங்கி நாலு மணி நேரம் ட்ரெயின்ல போறதா பிளான். மெக்சிகோவுக்கு ஏர் லிங்கஸ் கான்கூன் நேரடி ஃப்ளைட் விட்டிருக்கு, மேப்பைப் பாக்காம சந்தோஷப்பட்டவங்களுக்கு ஒரு தகவல், கான்கூன்லேர்ந்து குவாடலஹாரா ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. டிக்கெட் விலையோ, ஐரோப்பா ரசிகர் சங்கங்களே ஃபிஃபாவைத் திட்டித் தீத்தப்புறம்தான் 60 டாலர்ல கொஞ்சூண்டு ஒதுக்கினாங்க. 90ல வேன்ல போன மாதிரி இதுக்கு வேன் ஓட்டவும் முடியாது, நடுவுல அட்லாண்டிக் இருக்கு.

டீமைப் பத்தி என் கணிப்பு கேட்டா, செக் பயப்படற அளவுக்கு இல்ல, அக்டோபர்ல ஃபேரோ தீவுகள்கிட்ட தோத்த டீம்தான் அது. ஆனா சொந்த ஊர்ல செட் பீஸ்ல, அதாவது கார்னர், ஃப்ரீ கிக்ல, ஆபத்து, நம்மாளுங்க கார்னர்னாலே கொஞ்சம் தடுமாறுவாங்க. பெனால்ட்டி வரைக்கும் போனா ஸ்பெயின்கிட்ட 2002ல நடந்ததை நினைச்சுக்கிட்டு பாதி நாடு டிவி இருக்கற ரூமை விட்டு வெளிய போயிடும். பாரட் ஃபிட்டா இருந்தா போதும், அவன் முட்டிக்காக இந்த ஊர்ல மெழுகுவத்தி ஏத்தறவங்க எனக்கே ரெண்டு பேர் தெரியும்.

நான் பிராக் போகல, டிக்கெட்டுக்கு எனக்கெல்லாம் சான்ஸே இல்ல, வெளியூர் மேட்ச்சுக்குன்னே வருஷக்கணக்கா அலையறவங்க வரிசையில நிக்கறாங்க. 27ஆம் தேதிக்கு லீவு மட்டும் போட்டுட்டேன், கேள்விக்குறி இல்லாம. டப்ளின்ல இருக்கற நம்ம ஆளுங்க யாராவது சேந்து பாக்கணும்னா வாங்க, மேட்ச் நம்ம நேரம் ஏழே முக்காலுக்கு, ஆனா ஆறு மணிக்கே வந்துடுங்க, அப்புறம் நிக்கக்கூட இடம் கிடைக்காது. நல்ல சட்டை மட்டும் போட்டுட்டு வராதீங்க.