டெடி வெதர்ஃபோர்டின் இடது கை

திருகோணமலை உவர்மலையில் இடிக்கப் போகும் ஒரு வீட்டின் சாமான்களோடு வந்த தகரப் பெட்டி அது. மேலே பாகவதர், சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்று வழமையான அரக்குத் தட்டுகள், அதாவது வினைலுக்கு முந்திய காலத்து இசைத்தட்டுகள். அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தவை ஆங்கில நடன இசை. விற்ற ஐயா அவற்றுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. “அது வெள்ளைக்காரன் ஆடின பாட்டு தம்பி, வேணுமெண்டா கொண்டு போங்கோ” என்றார்.

அதில் கொலம்பியா கம்பனியின் தட்டு ஒன்று. பாட்டின் பெயர் இருந்த இடத்தைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. ‘மேட் இன் இந்தியா’ என்பதும் வாத்தியக் குழுத் தலைவரின் பெயரும் தப்பியிருந்தன: டெடி வெதர்ஃபோர்ட்.

ஜாஸ் கொஞ்சம் கேட்பவன்தான் நான். ஆனாலும் இந்தப் பெயர் மங்கலாகத்தான் நினைவில் இருந்தது. தேடிப் படித்தபோது, இவரை நாம் அல்லவா தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. 1903இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பியானோக் கலைஞர். சிறுவனாக நியூ ஓர்லியன்ஸுக்குப் போய் அங்கே வாசிக்கப் பழகியவர். 1920களில் சிகாகோவின் வென்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் இருந்தார். பேசாப் படங்களுக்கு வாசித்த அந்தக் குழு 1926இல் பதிந்த இரண்டு பாட்டுகளில் லூயி ஆர்ம்ஸ்ட்ரோங்கும் இவரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜாக் கார்ட்டரின் குழுவோடு ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் ஜாஸ் பியானோவில் பெரும் பெயரெடுத்த ஏர்ள் ஹைன்ஸ் அளவுக்குப் பேசப்பட்டிருப்பார் என்பது என் எண்ணம். ஆனால் வாழ்க்கை ஷாங்காய், பம்பாய் தாஜ் ஹோட்டல் என்று போய்விட்டது. 1934இல் டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டனின் குழு ஷாங்காய்க்கு வந்து வாசித்ததற்கும் இவர்தான் காரணம். 1937இல் பாரிசுக்குப் போய்த் தனிப் பியானோவாகச் சில பதிவுகள் செய்தார். போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழுத் தலைவர். 1945 ஏப்ரல் 25இல் அதே ஊரில் கொலராவில் இறந்தபோது வயது 41.

தட்டு திருகோணமலைக்கு வந்தது கடற்படைக்காரர் ஒருவரின் பெட்டியில்தான் என்பது என் ஊகம். 1944இல் இங்கே துறைமுகம் நிறையப் பிரித்தானியப் போர்க்கப்பல்கள். கல்கத்தாவில் லீவு கழித்துவிட்டு வந்தவர் யாராவது வாங்கியிருக்கலாம். பிற்காலத்தில் புளூஸ் பாடகராகப் பெயர் எடுத்த ஜிம்மி விதர்ஸ்பூன்கூடக் கப்பல் வேலையில் கல்கத்தா வந்த இடத்தில்தான் வெதர்ஃபோர்டின் குழுவோடு பாடினார்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் துலக்குதல். வினைல் தட்டுக்குப் பழகியவர்கள் ஸ்பிரிட்டை எடுப்பார்கள். அரக்குத் தட்டுக்கு அது விஷம், மதுசாரத்தில் அரக்கு கரைந்துவிடும். நான் எடுத்தது பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்தேன். முதல் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. வெயிலில் காய வைத்தால் தட்டு வளைந்துவிடும் என்பதால் கோப்பை அடுக்கும் தட்டியில் நிழலில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஊசி. சாதாரண எல்பி ஊசி இந்த அகன்ற பள்ளத்தின் அடியில் போய்க் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். மூன்று மில், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் மூன்று பங்கு, பருமனுள்ள ஊசி வேண்டும். கொழும்பிலிருந்து அதை எடுப்பித்ததுதான் இந்த முழு வேலையிலும் பொறுமையைச் சோதித்த பகுதி.

ஊசி வந்து முதல் தடவை கேட்டபோது இரைச்சலை விட வேறொன்று காதை உறுத்தியது. பியானோவின் நீண்ட சுரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கியது. தட்டின் நடுத்துளை கொஞ்சம் விலகி இருக்கிறது. இதே கோளாறு ராஜரத்தினம் பிள்ளையின் தட்டில் இருந்தால் காது மன்னித்துவிடும், கமகத்தோடு கமகமாகப் போய்விடும். பியானோவுக்குக் கமகம் இல்லை, அதனால் ஒளிக்க இடமும் இல்லை.

துளையை அராவிப் பெரிதாக்குவது சிலர் செய்கிற வழி. எனக்கு மனம் வரவில்லை. மாறாக, டர்ன்டேபிளின் மேல் ரப்பர் விரிப்புகளை அடுக்கி, நடுக் கம்பியின் நுனிக்கு மேலே தட்டு இருக்கும்படி உயர்த்தினேன். ஊசியைத் தாங்கும் கைப்பிடியையும் அதற்கேற்ப உயர்த்தினேன். இப்போது தட்டைக் கம்பி பிடிக்காது, விரலால் தள்ளித் தள்ளி நடுவைத் தேடலாம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கைப்பிடி அலையில் நிற்கும் வள்ளம் போல ஆடுவது தெரியும். மயிரளவு தள்ளி, மறுபடி பார்த்து, ஆட்டம் நிற்கும் வரை இதையே செய்ய வேண்டும். முதுகு போய்விட்டது. ஆனால் நின்றது.

கணினியில் ஏற்றும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இப்போதைய பெருக்கிகள் 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ என்ற பொது அளவில் கீழ், மேல் சுரங்களின் ஒலியைத் திருத்தும், அதற்கு முந்திய தட்டுகளுக்கு அது பொருந்தாது. திருத்தமில்லாமல் பதிந்து, ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் காதுக்குச் சரியாக வரும் வரை கீழ்ச் சுரங்களை ஏற்றினேன்.

அப்போதுதான் இடது கை கேட்டது. அதுவரை பாடகரின் குரலும் பித்தளை வாத்தியங்களும் மட்டும்தான். பாட்டு சீனிப்பாகு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஹோட்டலில் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. நடுவில் பாடகர் ஓய்கிற இடத்தில், அரை நிமிடம்கூட இல்லை, பியானோ முன்னுக்கு வருகிறது. இடது கை அடித்தளச் சுரத்தைத் தொட்டு நடுவுக்குத் தாவி, திரும்பக் கீழே இறங்கி, தாளத்தைத் தனியாகவே தாங்குகிறது. வலது கை ஒரு வரியைத் தொடங்கிப் பாதியில் விட்டு மேல் ஸ்தாயியில் பிடிக்கிறது. பாரிஸ் பதிவுகளை இணையத்தில் கேட்டவர்களுக்கு அது உடனே அடையாளம் தெரியும்.

இன்னொன்று. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவுக் கம்பனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. அரக்குக்கும் அங்கே தட்டுப்பாடு, ஏனென்றால் அரக்கு போவதே இந்தியாவிலிருந்துதான். அங்கே பதிவுகள் தடைப்பட்ட அந்தப் போர் ஆண்டுகளில்தான் கல்கத்தாவில் இவர் பதிந்துகொண்டிருந்தார்.

மறுபக்கத்தில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. அந்தப் பக்கத்திலும் பியானோ தனியாக வருகிறது, இதை விட நீளமாக. ஒவ்வொரு டக்கையும் அலைவரியில் பெருப்பித்து, கையாலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டின் முதல் பாதி முடிந்துவிட்டது.