யார் தப்புன்னு பார்த்துக்கிட்டே ஏழு மாசத்தை விட்டேன்

ஆந்திராவில் நகரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ரயில் விபத்து நஷ்டஈட்டில் என்னை மாதிரி ஏமாறாதீர்கள்.

ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்கு வழிவிட ஸ்டேஷனில் நிற்க வேண்டிய எங்கள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் மோதியது. அம்மாவுக்கு வலது தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தது, கருணைத் தொகையும் சீக்கிரமே வந்தது. (2023 செப்டம்பரிலிருந்து ரயில் விபத்தில் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம்.) பலர் இதையே நஷ்டஈடு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

நஷ்டஈடு கேட்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் கவுண்டர்காரர் தலை நிமிராமலே, "ரிப்போர்ட் ரானிவ்வண்டி" (ரிப்போர்ட் வரட்டும்) என்று தெலுங்கில் சொன்னார். விபத்தை விசாரிக்கிற ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்து, யார் தப்பு என்று தெரிந்த பிறகு வரணுமாம். நானும் நம்பினேன். டீக்கடையில் தினமும் இதே பேச்சு. டிரைவர் அசந்துட்டார், இல்லை ஸ்டேஷன் மாஸ்டர்தான், 2012-ல் பெனுகொண்டாவில் ஹம்பி எக்ஸ்பிரஸ் நின்ற சரக்கு வண்டியில் மோதலையா என்று. ஏழு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் ஒரு வக்கீல் குமாஸ்தா, "யாருங்க உங்களுக்கு இதைச் சொன்னது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். 1989 ரயில்வே சட்டம், பிரிவு 124. மோதலில் அடிபட்ட பயணிக்கு, தப்பு ரயில்வே மேலே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு. ஆனால் இந்த மாதிரி இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கிற ரயில்வே தீர்ப்பாயத்தில் ஒரு வருஷத்துக்குள் மனு போடணும். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான். விபத்து எங்கே நடந்திருந்தாலும், குடியிருக்கிற ஊருக்குரிய தீர்ப்பாயக் கிளையிலேயே (பெஞ்ச்) போடலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த தலைவலி டிக்கெட். அம்மாவின் சுருக்குப்பையில், வெற்றிலைக்கு நடுவே மடித்து வைத்தது. ரத்தம் ஊறின புடவையோடு அதையும் ஆஸ்பத்திரியில் குப்பையில் போட்டுவிட்டார்கள். "டிக்கெட் இல்லைன்னா நடக்காது" என்று இன்னொருவர் பயமுறுத்தினார். அதுவும் பொய். டிக்கெட் இல்லை என்பதற்காகவே பயணி இல்லை என்றாகிவிடாது என்று 2018-லேயே ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயணம் செய்த விவரத்தை எழுதிப் பிரமாணப் பத்திரம் போட்டோம். காயம்பட்டோர் பட்டியலில் அம்மா பெயர் இருந்த பக்கத்தையும் சேர்த்தோம்.

பெயரிலும் ஒரு கூத்து. ஆதாரில் வெறும் பெயர். ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்த ஊர் வழக்கப்படி பின்னால் 'அம்மா' ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க மூன்று நடை, மூன்று நாள் கூலி போச்சு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். தெலுங்கில் எழுதிய சீட்டு இருந்தால் அப்போதே இங்கிலீஷிலும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதினோராவது மாதம் மனு உள்ளே போனது. என் பிரதியில் தேதி முத்திரை விழுந்ததை இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

அறிக்கையை இன்னும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த மாதம் முதல் வாய்தா. அம்மாவால் படி ஏற முடியாது, லிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன்.