திட்டியது ஹாலில், திருத்தியது கேபினில்

“எத்தனை பர்சென்ட் கமிஷன்மா வாங்குற?” என்று அவர் கேட்டபோது என் கவுண்டருக்கு முன்னால் எப்படியும் 60 பேர் நின்றிருப்பார்கள். 2016 நவம்பர். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் ஒரு சிறிய ஊரின் வங்கிக் கிளையில் கேஷியர். அவர் கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. பெரிய ஆட்களுக்குப் பின்வாசல் வழியாகப் புது நோட்டு போகிறது, எங்களுக்கு மட்டும் இல்லையா என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

எனக்குக் காது சுட்டது. எண்ணிக்கொண்டிருந்த நோட்டுக் கட்டில் கணக்கு விட்டுப்போனது. கட்டை டிராயரில் வைத்தேன், பூட்டினேன், சாவியை எடுத்துக்கொண்டேன், அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். பத்து விநாடிதான் இருக்கும். அந்தப் பத்து விநாடி கிடைக்காமல் இருந்திருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கிளையில், இதே மாதிரி ஒன்று நடந்தது. மாலையில் கணக்கு முடிக்கும்போது 10,000 ரூபாய் குறைந்தது. மேலாளர் கேபினிலிருந்து எழுந்து வந்து, வாடிக்கையாளர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே, “நோட்டு எண்ணத் தெரியாதவங்களையெல்லாம் கேஷ்ல உட்கார வச்சா இப்படித்தான்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வீட்டில் சொல்லித்தானே வளர்த்தார்கள். இரவு ஏழரைக்கு, ஒரு வவுச்சரைத் தப்பாகப் பதிந்திருந்தது தெரிந்தது, அதுவும் நான் பதிந்ததில்லை. மேலாளர் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டு, “சரிம்மா, மனசுல வச்சுக்காத” என்று முடித்துவிட்டார்.

ஆனால் அதற்கப்புறம் பல நாள், அந்த ஹாலில் இருந்தவர்கள் என்னிடம் பணம் வாங்கினால் என் முகத்துக்கு எதிரிலேயே இரண்டு தடவை எண்ணினார்கள். ஒரு அம்மா பக்கத்து கவுண்டர்காரரிடம் கொடுத்துச் சரிபார்த்தார். அவர்கள்மேல் தப்பே இல்லை. திட்டியது ஹாலில், திருத்தியது கேபினில். என் மௌனத்தைப் பொறுமை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் பத்திரிகையோடு நின்ற அந்தப் பெரியவரிடம் நான் சும்மா இருக்கத் தயாராக இல்லை. குரலை உயர்த்தாமல், ஆனால் முதல் வரிசைக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னேன்: “ஐயா, கமிஷன்னு நீங்க சொன்னது பொய். கல்யாணத்துக்குப் பணம் கிடைக்கலைன்னு சொன்னது நிஜம். அதைப் பேசலாம்.” அவ்வளவுதான். என் நேர்மை, என் குடும்பம், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறேன் என்பதெல்லாம் தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. அதையெல்லாம் ஆரம்பித்தால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும், பிறகு முடியாது.

வரிசையில் ஒருவர் எனக்காகப் பரிந்து, “யோவ், பொம்பளைகிட்ட என்ன பேச்சு” என்று எகிறினார். அவரை உடனே நிறுத்தச் சொன்னேன். திட்டியவரை நாலு பேர் சேர்ந்து திட்டினால் அவரால் அதற்குப் பிறகு இறங்கி வரவே முடியாது. ஹாலில் அவர் முகமும்தான் இருக்கிறது.

ஆபீசர் மேஜையில் உட்கார வைத்த பிறகுதான் விஷயம் முழுதாக வெளியே வந்தது. கல்யாணத்துக்கு இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஆனால் பத்திரிகை வேண்டும், முன்பணம் கொடுத்த ரசீதுகள் வேண்டும், யார் யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்ற பட்டியல் வேண்டும், அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அவர்களே எழுதித் தர வேண்டும். “மேளக்காரர் வாசல்ல போய், உனக்கு அக்கவுண்ட் இல்லைன்னு எழுதிக் குடுன்னு நான் எப்படிம்மா கேப்பேன்? இவன்கிட்ட காசு இருக்கா இல்லையான்னு ஊரே பேசாதா?” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரமாக அவர்தான் எல்லார் முன்னாலும் அவமானப்பட்டுக்கொண்டிருந்தார். அதை இறக்கி வைக்க அவருக்குக் கிடைத்தது என் கவுண்டர்.

அதற்காக அவர் சொன்னது சரியாகிவிடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் திருட்டுப் பட்டம் திருட்டுப் பட்டம்தான்.

மேலதிகாரி திட்டும்போது இது இன்னும் கஷ்டம். அங்கே கோபத்துக்குப் பின்னால் சம்பளமும் டிரான்ஸ்ஃபரும் நிற்கும். நான் இப்போது செய்வது: அந்த இடத்தில் “பார்த்துச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்கே கேபினுக்குப் போகிறேன். மன்னிப்பு கேட்கச் சொல்வதில்லை. “சார், எல்லார் முன்னாலும் சொன்னீங்க. தப்பு என்னோடது இல்லைன்னு தெரிஞ்சா அதையும் எல்லார் முன்னாலும் சொல்லணும்” என்று கேட்கிறேன். பின்னாளில் ஒரு மேலாளர் அப்படியே செய்தார், மறுநாள் காலை கிளை திறந்ததும், ஊழியர்கள் எல்லாரும் நிற்கும்போது. இன்னொருவர் ஃபைலிலிருந்து நிமிரவே இல்லை. அவரிடம் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி தூங்கினேன். வாட்ஸ்ஆப் குரூப்பில் திட்டினாலும் இதேதான். திட்டிய இடத்திலேயே ஒரு வரி, உண்மை என்னவோ அது, அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

பெரியவர் மூன்றாம் நாள் காகிதங்களோடு வந்தார். பக்கத்துக் கவுண்டர் காலியாகத்தான் இருந்தது, ஆனால் என் வரிசையில் நின்றார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளை எண்ணித் தள்ளினேன். அப்படியே பைக்குள் போடப் போனவரை, “இங்கேயே எண்ணிப் பார்த்துட்டுப் போங்கய்யா” என்றேன். கவுண்டர் பலகையில் பையை வைத்துவிட்டு, விரலை ஈரமாக்கிக்கொண்டு, நிதானமாக எண்ண ஆரம்பித்தார்.