கரடிச் சாணியில் கொன்றை விதை

சின்ன வயதில் எனக்குத் தூக்கத்தில் அலறும் பழக்கம் இருந்ததாம். தெருவில் கரடிக்காரர் வந்த ஒரு நாளில் ஆச்சி ஒரு ரூபாய் கொடுத்து நாலு முடி வாங்கி, தாயத்தில் அடைத்து, என் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டாள். அலறல் நின்றதா என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் கரடியின் மூக்கில் கயிறு ஓடியிருந்தது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு கரடியை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மாசி மாதம் ஆராய்ச்சி மாணவர் ஒருவரோடு நெல்லைப் பக்கத்து முண்டந்துறைக் காட்டுக்குப் போயிருந்தேன், அப்போதும் கரடியைப் பார்க்கவில்லை. பார்த்தது அதன் சாணியை.

"கிட்ட வாங்க சார், நாறாது" என்றார் கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர். உண்மைதான், புளித்த பழ வாடை மாதிரி ஒன்று, அவ்வளவுதான். குச்சியால் பிரித்துக் காட்டினார். கறுப்புப் பிசினுக்குள் தட்டையாக, பளபளவென்று, பழுப்பு விதைகள், ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். சரக்கொன்றை. நம் ஊரில் கொன்றைப் புளியைப் பேதிக்குத்தான் கொடுப்பார்கள், கரடி அதைச் சாப்பாடாகவே சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக நடந்து போயிருக்கிறது. விதைகளுக்கு நடுவில் கடுகைவிடச் சின்னதாகச் செம்பழுப்புத் துணுக்குகள். கறையான் தலையாம். உடம்பு செரித்துவிடும், தலையின் ஓடு செரிக்காது.

கரடியை நேரில் பின்தொடர்ந்து போய் என்ன தின்கிறது என்று எழுதிக்கொள்வது நடக்கிற காரியம் இல்லை. அதனால் சாணியைப் பொறுக்கி, சல்லடையில் போட்டுக் கழுவி, காயவைத்து, விதை தனி பூச்சி தனி என்று பிரித்து எண்ணுகிறார்கள். 1990களிலேயே முண்டந்துறையிலும் முதுமலையிலும் இந்த வேலையைச் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கொன்றை, இலந்தை, நாவல், நறுவிலி, அப்புறம் கறையான், எறும்பு, கிடைத்தால் தேன். இந்தப் பட்டியலில் மான் இல்லை, ஆடு இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு பழத்தையும் பூச்சியையும் நம்பி ஓடுகிறது.

அதற்கென்றே ஒரு வாய். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாயாகக் குவித்து அந்தப் பல் இடைவெளி வழியாக உறிஞ்சும். அந்தச் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இந்தப் பல்லையும் நீள நகத்தையும் பார்த்துத்தான் 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதைத் தென்னமெரிக்காவில் மரக்கிளையில் தொங்கி வாழும் ஸ்லாத் என்ற விலங்கின் இனத்தில் சேர்த்துவிட்டார். தப்பு சீக்கிரமே தெரிந்துபோனாலும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அது ஸ்லாத் கரடிதான். நம் சங்கப் புலவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. எண்கு என்று பெயர் வைத்து, அது புற்றைத் தோண்டிக் குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு, தின்பதையும் சரியாகப் பாடி வைத்திருக்கிறார்கள்.

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தி சொல்லும் கரடி வேறு மாதிரி. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் சின்னக் கோயில், ராத்திரி கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுச் சொம்பை உருட்டிவிட்டுப் போயிருக்கிறது. சிவபூஜையில் கரடி என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தோம், நீலகிரியில் அது நிஜமாகவே வாடிக்கையான செய்தி. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடு என்று உடனே கேட்கிறார்கள். அதைவிட எண்ணெய் டின்னை ராத்திரி பூசாரி வீட்டுக்கு எடுத்துப் போவது சுலபம் என்பது என் கட்சி. நாள் முழுக்கப் புற்றைத் தோண்டிச் சேர்க்கிற கொழுப்பு ஒரே சொம்பில் கிடைத்தால் எந்த மிருகம்தான் விடும்?

ஆனால் கரடி சாது என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் போய்விட்டால் முகத்தைத்தான் பிடிக்கும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த பழக்கம் அது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மரம் ஏறத் தெரியும், ஆனாலும் ஆபத்து வந்தால் ஏறித் தப்பிக்கப் பார்க்காது. முதுகில் குட்டி வேறு உட்கார்ந்திருக்கும். நின்று, எழுந்து, பாய்வதுதான் அதற்குத் தெரிந்த வழி. பார்வையும் அவ்வளவு கூர்மை இல்லை, புற்றுக்குள் தலையை விட்டிருந்தால் நாம் வருவதே தெரியாது. "பேசிக்கிட்டே நடங்க சார், எதையாவது பேசுங்க" என்று காவலர் சொன்னதால் மூன்று கிலோமீட்டர் தூரம் எங்கள் தெரு அரசியல் முழுவதையும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.

திரும்பி வந்த பிறகுதான் அந்த மூக்குக் கயிறு உறுத்த ஆரம்பித்தது. ஊதவும் உறிஞ்சவும் மோப்பம் பிடிக்கவும் இருக்கிற ஒரே கருவி மூக்கும் வாயும். அதில்தான் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தார்கள், கோரைப்பல்லையும் தட்டி எடுத்தார்கள். 1972லேயே வனவிலங்குச் சட்டம் வந்தும் ஆட்டம் நிற்கவில்லை. கரடி ஆட்டுவதையே தொழிலாக வைத்திருந்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்துகொடுத்து வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 600க்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டு, 2009இல்தான் தெருக்கரடி ஆட்டம் ஒரு வழியாக முடிவுக்கு வந்தது. ஆக்ராவில் உள்ள மீட்பு மையத்துக்கு வந்த கரடிகளில் பலவற்றுக்குக் காசநோய். மனிதர்களோடு ஒட்டி வாழ்ந்ததற்குக் கிடைத்த கூலி.

தாயத்து இன்னும் பீரோவில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கு, அதன் முடியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ உன்னையத்தான் பிடிப்பாங்க, கட்டிக்கிட்டுத் திரிஞ்சது நீதானல" என்றாள்.