பன்னிரண்டு தறி எட்டான கதை

எங்கள் தறிக்கொட்டகை இலங்கையில், கொழும்புக்குப் பக்கத்துக் களனியில் இருக்கிறது. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்ததும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. நாடெங்கும் இருந்த சின்ன நெசவு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அப்படி மூடிய ஒன்றிலிருந்து பன்னிரண்டு விசைத்தறிகளை அப்பா இரும்பு விலைக்கு வாங்கினார். "எல்லாரும் விட்டுட்டு ஓடுற நேரத்திலதான் நாம உள்ள போகணும்" என்று சொன்னாராம். அவர் சொன்னது சரியா பிழையா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு தறியில் நெய்த சாரத்தில்தான் (லுங்கியில்தான்) நானும் தங்கச்சியும் படித்தோம்.

அந்தத் தறிகளை மாற்றி நவீன தறி போட நான் இரண்டு வருடம் அலைந்தேன். இப்போது நிறையப் பேர் அதே வேலையில் இறங்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், நான் விட்ட பெரிய பிழையையும் சேர்த்து.

முதலில் ஏன் மாற்ற வேண்டி வந்தது? பழைய தறி நிமிடத்துக்கு 110 தடவை, குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை எறியும். எறிவது என்றால் நிஜமாகவே எறிவதுதான். கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மரக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறந்து பெட்டியில் போய் அறையும். பன்னிரண்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தறியை நிறுத்தி மாற்ற வேண்டும். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் தறிக்குத் தெரியாது, ஆள் பார்க்கும்வரை பழுதோடு நெய்துகொண்டே போகும். எட்டு மணி நேரத்தில் ஒரு தறிக்கு 13 யார் (கெஜம்) துணி வந்தால் நல்ல நாள்.

இதற்கு மேல் கரண்ட். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். கடன் எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. அந்த நேரத்தில் வங்கி வாசலுக்கே நான் போகவில்லை. தறிகளில் பாதியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

2024இல் வட்டி இறங்கியது, மின்கட்டணமும் கொஞ்சம் இறங்கியது. சரி, இப்போது செய்யாவிட்டால் எப்போதும் இல்லை என்று முதலில் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சோமனூர், அங்கிருந்து பல்லடம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எங்கள் கொட்டகைச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. ஊரே ஒரு தறிக்கொட்டகை போலத்தான்.

அங்கே ஒரு பட்டறைக்காரர் எனக்கு இரண்டு நாள் ஒதுக்கினார். அவர்களுக்குக் கிடைக்கிற சலுகைகளைக் கேட்டால் நமக்குப் பெருமூச்சு வரும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரம் இலவசம். முன்பு 750 ஆக இருந்ததை 2023இல் கூட்டினார்கள். மத்திய அரசு 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில், இருக்கிற சாதாரணத் தறியிலேயே சில சாதனங்களைப் பூட்டி மேம்படுத்த மானியம் கொடுத்தார்கள். பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்கும், ஊடை தீர்வதை உணரும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். செலவில் பொதுப்பிரிவினருக்குப் பாதி, பட்டியல் சாதியினருக்கு 75 சதவீதம், பழங்குடியினருக்கு 90 சதவீதம், ஒரு பட்டறைக்கு எட்டுத் தறி வரை. அவர் அதைத் தன் எட்டுத் தறிக்கும் பூட்டியிருந்தார்.

"இத்தனை கொடுக்கிறாங்களே அண்ணா, பிறகென்ன கவலை?" என்று கேட்டேன்.

"தறிக்குக் குடுக்கறாங்க தம்பி. கூலிய யாரு குடுக்கறது?" என்றார். அங்கே பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், இவர்கள் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார்கள். நான் ஊர் திரும்பிச் சில மாதத்தில், 2025 மார்ச்சில், கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றுவிட்டன என்று செய்தி வந்தது. அவருடைய எட்டும் நின்றிருக்கும்.

அந்த மேம்படுத்தும் சாதனங்களை நான் சரியாகக் கவனிக்கவில்லை. என் கண்ணெல்லாம் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்த ரேப்பியர் தறிகளில் இருந்தது. நாடா கிடையாது, தார் கிடையாது. ஒரு கம்பி ஊடை இழையைக் கவ்விக்கொண்டு பாதி தூரம் வரும், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து வாங்கிக்கொண்டு போகும். அடிப்பதற்கு நாடா இல்லாததால் சத்தத்தின் ஜாதியே வேறு. மனம் அங்கேயே விழுந்துவிட்டது.

கொழும்புக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். பாவித்த ஐரோப்பிய ரேப்பியர்களை இந்திய வியாபாரி ஒருவர் மூலம் எடுப்பதாக ஏற்பாடு. எத்தனை எடுப்பது? ஆறு என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தைக் கெடுத்தது 42 என்ற எண். நம் நாட்டில் தொழிற்சாலை மின் இணைப்பு 42 கே.வி.ஏ. வரை ஒரு வகை, அதற்கு மேல் போனால் மொத்த இணைப்பு. அதில் யூனிட் விலையோடு உச்சத் தேவைக்கும், அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுத்த மின்சுமைக்கும், தனியாகக் கட்ட வேண்டும், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலையும் கூடும். ஒரு ரேப்பியருக்கு 5 கிலோவாட் என்று போட்டு, நூல் சுற்றும் மெஷின், விளக்கு, மிச்சம் வைக்கும் பழைய தறி எல்லாம் சேர்த்தால் ஆறு மெஷின் கோட்டைத் தாண்டிவிடுகிறது. நான்கு என்றால் அடங்குகிறது. ஆகவே நான்கு. இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர் ஆலோசகர் யாரும் இல்லை, எங்கள் கொட்டகைக்கு வயர் இழுக்கும் எலெக்ட்ரீஷியன். மெஷினுக்கு முற்பணம் கட்டும் முன் அப்படி ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்தது வங்கி. முதல் வங்கியில் திட்ட அறிக்கை, கணக்கறிக்கை, வரிக் கோப்பு, காணி உறுதி (பத்திரம்) எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஏழு வாரம் கழித்து, "துணி நெய்யிறதா? ஆடைத் தொழிற்சாலை இல்லையா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நான் பல மேசைகளில் கேட்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடி டொலருக்கு உடுப்பு ஏற்றுமதி செய்யும் நாடு இது. தைப்பது எல்லோருக்கும் தெரியும். நெய்வது என்றால் கைத்தறிக் கண்காட்சி ஞாபகம்தான் வருகிறது. பெரியப்பா வேலை பார்த்த வெள்ளவத்தை மில் இருந்த நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன. 1933இல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று நடத்திய பெரிய வேலைநிறுத்தம் கண்ட இடம் அது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் சொன்னால் நம்புவார்களோ தெரியாது.

இரண்டாவது வங்கி பரவாயில்லை. மதிப்பீட்டாளர் கொட்டகைக்கு வந்தார். நிலம், கூரை, சுவர் எல்லாவற்றுக்கும் பெறுமதி எழுதினார். தறிகளுக்கு நேரே ஒரு கோடு போட்டார். வரப்போகும் ரேப்பியர்களையும் பிணையாக எடுக்க முடியாதாம், பாவித்த மெஷினுக்குச் சந்தை இல்லையாம். கடைசியில் கொட்டாஞ்சேனை வீட்டு உறுதிதான் போனது. நொத்தாரிசு அறையில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நில அளவைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இதில எங்கட கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டார். கிணறு படத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டார். 85 லட்சம், பன்னிரண்டரை சதவீதம், ஐந்து வருடம்.

உள்ளூராட்சி சபை, சுற்றாடல் அனுமதிப்பத்திரம் எல்லாம் பெரிய கதை இல்லை. பழைய கோப்பு இருந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் குறையப் போகிறது என்ற சந்தோஷம். அவரே வந்து கையெழுத்து வைத்தார்.

துறைமுகத்தில்தான் மாட்டிக்கொண்டேன், அதுவும் என் சோம்பேறித்தனத்தால். நெசவு இயந்திரங்களுக்குச் சுங்கக் குறியீடு 8446. அதில் நாடா இல்லாத தறிக்குத் தனி உட்பிரிவு. பாவு இழைகளை மாதிரிக்கேற்பத் தூக்கும் டாபி போன்ற துணைக் கருவிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் 8448. அனுப்பியவர் பட்டியலில் "தறியும் சாமான்களும், நான்கு செட்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். கொள்கலனைத் திறந்தால் டாபி ஒரு பெட்டி, ஊடை ஊட்டும் கருவிகள் ஒரு பெட்டி, எலெக்ட்ரோனிக் பலகைகள் ஒரு பெட்டி. எது எந்தக் குறியீடு, எது என்ன விலை என்று கேட்டால் நான் என்ன சொல்ல? திருத்திய பட்டியல் வரும்வரை ஒன்பது நாள். தாமதக் கட்டணத்தில் ஒரு நல்ல நூல் சுற்றும் மெஷின் வாங்கியிருக்கலாம்.

நிலத்தைக் கிண்டிக் கொங்கிறீட் போட்டு, மட்டம் பார்த்து, பூட்டி, ஓட வைக்க இரண்டு மாதம். அப்புறம் நூல் தன் வேலையைக் காட்டியது. பழைய தறியில் சமாளித்த அதே 40ஆம் நம்பர் நூல், ரேப்பியரில் நிமிடத்துக்கு 300 இழை என்று ஓட்டினால் நிமிடத்துக்கு நிமிடம் அறுந்தது. 260க்குக் குறைத்தோம். அந்த வேகத்திலும் ஒரு ரேப்பியர் ஒரு ஷிஃப்டில் 43 யார் தருகிறது, மூன்று பழைய தறியின் வேலை.

எங்கள் மூத்த நெசவாளி ஒரு அக்கா. 31 வருடமாக இருக்கிறார். பன்னிரண்டு தறி இரைச்சலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே "ஏழாம் நம்பர்ல நாடா சரியா உக்காரல" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ரேப்பியர் முன்னால் முதல் வாரம் அவர் சும்மா நின்றார். "இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது தம்பி" என்றார். தொடுதிரையில் பிழை எண் வரும், அதைப் பாருங்கள் என்று காட்டினேன். பார்க்கிறார். ஆனால் மெஷின் நிற்கும்போது கை முதலில் பாவுக்குத்தான் போகிறது, பிறகுதான் திரைக்கு. பெரும்பாலும் பாவில்தான் பிழை இருக்கிறது.

இனி அந்தப் பெரிய பிழை. முதல் கட்டுச் சாரத்தை எடுத்துக்கொண்டு கொழும்பின் மொத்தக் கடைத்தெருவான புறக்கோட்டைக்குப் போனேன். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் எடுக்கும் முதலாளி. துணியை விரித்தார், நிறத்தைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்க்கவில்லை. பெருவிரலால் ஓரத்தை ஒரு முழம் தடவினார்.

"கரை எங்க?"

சாரத்தில் துணியின் இரண்டு கரைதான் இடுப்பிலும் கணுக்காலிலும் வரும். அதை யாரும் மடித்துத் தைப்பதில்லை. நாடாத் தறியில் ஊடை இழை ஒரே இழையாகப் போய்த் திரும்பி வருவதால் கரை தானாகக் கட்டிக்கொள்ளும். ரேப்பியர் ஒவ்வொரு இழையையும் வெட்டி வெட்டிப் போடுகிறது. ஓரம் குஞ்சம் குஞ்சமாக நிற்கும். பின்னல் போட்டு இறுக்கினாலும் பிசிர் பிசிர்தான். இரண்டு பக்கமும் வெட்டிப்போகும் இழை வேறு நட்டம்.

சோமனூரில் நான் பார்த்தது காடாத் துணி. வெளுத்து, சாயம் போட்டு, வெட்டித் தைக்கப் போவது. அங்கே கரையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 45 வருடம் சாரம் நெய்த வீட்டுப் பிள்ளை நான்! நாடா இல்லாத தறி என்றால் நவீனம் என்று கேட்டுக் கேட்டு, நாடா என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டேன். எந்தத் திட்ட அறிக்கையிலும் கரைக்கு ஒரு பத்தி இல்லை. எனக்கு எழுதித் தந்தவர் 18 பக்கம் எழுதியிருந்தார்.

மூன்று மாதம் தூக்கம் போனது. பிறகு ரேப்பியர்களைப் பொக்கற் துணிக்கும் தலையணை உறைத் துணிக்கும் மாற்றினோம். எப்படியும் வெட்டித் தைக்கப்படும் துணி, கரையை யாரும் தடவுவதில்லை. லாபம் குறைவு, ஆனால் ஓட்டம் நிற்காது. தவணை கட்டுப்படுகிறது. பழைய தறிகளில் எட்டை விற்றாயிற்று. மிச்சம் நான்கில் சாரம் நெய்கிறோம். பல்லடத்து அண்ணனுக்குப் போன் போட்டு, அன்று நான் திரும்பியும் பார்க்காத அந்தப் பாவு நிறுத்தும் சாதனத்தை நான்கு செட் வரவழைத்துப் பூட்டினேன். மானியம் இல்லை, முழு விலை. அக்கா அந்த நான்கு தறிப் பக்கம்தான் நிற்கிறார்.

இப்போது வெட்டிய இழை முனையைத் திரும்பத் துணிக்குள்ளேயே மடித்துவிடும் டக்-இன் சாதனம் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒரே ஒரு ரேப்பியருக்கு. புறக்கோட்டை முதலாளி மாதிரித் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு "கொண்டு வாங்க, பாப்பம்" என்றார். அதுவும் 8448இல்தான் வரும். பட்டியலை இந்தத் தடவை நானே உட்கார்ந்து வரி வரியாக எழுதி அனுப்பிவிட்டேன்.